ஒரு குளத்தைச் சூழல் மண்டலமாகப் படிப்பது எப்படி

சூழலியலை வரையறைகளிலிருந்து கற்கத் தொடங்குபவர்களுக்கு உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை என்ற சொற்கள் மனப்பாடமாகிவிடுகின்றன. ஆனால் ஒரு குளத்தின் முன்னால் நிறுத்தினால், பார்ப்பதை அந்தச் சொற்களோடு பொருத்தத் தெரிவதில்லை. ஆகவே வரிசையை மாற்றி, முதலில் குளத்தைப் பார்த்துவிட்டுச் சொற்களைப் பிறகு தேடிக்கொள்வது நல்லது. ஒரு வட்டமான சிறு குளம், ஒரு குறிப்பேடு, ஒரு வெப்பமானி, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு சிறு வலை ஆகியவை இருந்தால் போதும். வழுக்கும் கரையில் தனியாக இறங்க வேண்டாம்.

முதல் வேலை, எல்லையை வரைவது. குளத்தின் படத்தைத் தாளில் வரைந்து, உள்ளே வருபவற்றை ஒரு பக்கமும் வெளியே போகிறவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். சூரிய ஒளி, மழைநீர், வரத்து நீரோடு வரும் மண், கரை மரங்களின் சருகு ஆகியவை உள்ளே வருகின்றன. ஆவியாகும் நீர், இறக்கை முளைத்துப் பறந்துபோகும் தட்டானும் கொசுவும், பறவையின் அலகில் போகும் மீன் ஆகியவை வெளியேறுகின்றன. தாள் நிறைந்ததும், எல்லை என்பது குளத்தில் இல்லை, நம் வசதிக்காக நாம் போட்டது என்பது புரியும். சூழல் மண்டலத்தைக் குறிக்கும் 'எகோசிஸ்டம்' என்ற ஆங்கிலச் சொல்லை 1935இல் அச்சில் முதலில் பயன்படுத்திய சூழலியலாளர் ஆர்தர் டான்ஸ்லியும், நாம் பிரித்தெடுக்கும் அமைப்புகள் ஓரளவு செயற்கையானவையே என்பதை அப்போதே சொல்லிவைத்தார்.

அடுத்து உயிரற்ற காரணிகளை அளக்க வேண்டும். இதில் அவசரப்படக் கூடாது, ஏனெனில் குளத்தின் நாடகத்தில் பாதி இங்கேதான் நடக்கிறது. நீரின் தெளிவை அளக்க, கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வட்டங்கள் தீட்டிய 20 செ.மீ. விட்டமுள்ள தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற வானியலாளர் கடலில் பயன்படுத்திய தட்டின் வழிவந்தது இது. தட்டு மறையும் ஆழத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆழம் வரை ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி இறங்குகிறது என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள்.

வெப்பநிலையை விடியும் முன்பு ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் எடுங்கள். 20 பாகை செல்சியஸில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்குக் குறைகிறது. பகலில் பாசிகள் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிட, அதே பாசிகளும் மீன்களும் பாக்டீரியாக்களும் சேர்ந்து அதைச் செலவிடுகின்றன. அதனால் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான். அந்நேரத்தில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை இரை தேடுகின்றன என்று எண்ணிவிட வேண்டாம், மூச்சுக்குத் தவிக்கின்றன.

இனி உயிர்கள். கரையோரச் செடிகளுக்கிடையே வலையை ஒருமுறை இழுத்து, கிடைத்ததைச் சிறிது நீரோடு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் சேறும் இலைத்துணுக்குமாகத்தான் தெரியும். பிறகு ஒரு துணுக்கு நடக்கும். அது தட்டானின் இளவுயிரி. அருகே ஒரு கொசுப்புழு நெளிந்து வந்தால், தலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை இளவுயிரி கண்ணிமைப்பதற்குள் முன்னே வீசி இரையைப் பற்றி இழுத்துக்கொள்ளும். உணவுச் சங்கிலியின் ஒரு கண்ணியை இப்படி நேரில் பார்த்தவருக்கு அது மறக்காது.

பார்த்ததை உணவு வலையாக வரையும்போது அம்புக்குறி உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கிச் செல்ல வேண்டும், ஏனெனில் அது ஆற்றல் போகும் திசையைக் காட்டுகிறது. இதைத் தலைகீழாகப் போடாத மாணவரைக் காண்பது அரிது. இன்னொரு பிழை, சருகையும் கழிவையும் பிணத்தையும் படத்தின் மூலையில் ஒதுக்குவது. அவற்றை நடுவில் வையுங்கள். சிறு குளங்கள் பலவற்றில் உயிருள்ள பாசியைத் தின்பவற்றைவிட மட்கியதையும் அதன்மேல் வளரும் பூஞ்சை, பாக்டீரியாக்களையும் தின்று வாழ்பவையே மிகுதி.

படம் தயாரானதும் ஆற்றல் கணக்கைப் போடலாம். உணவுச் சங்கிலியின் ஒரு மட்டத்தில் உருவாகும் உயிர்ப்பொருளின் ஆற்றலில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கே அடுத்த மட்டத்தின் உடலாகிறது; இது இடத்துக்கு இடம் மாறும், கறாரான விதியன்று. பாசியில் 10,000 கிலோகலோரி என்றால் அதைத் தின்னும் நுண்விலங்கான நீர்த்தெள்ளில் 1,000, சிறு மீனில் 100, அதைத் தின்னும் பெரிய மீனில் 10. மீதி வெப்பமாகவும் கழிவாகவும் பிரிந்துபோகிறது. இப்படி ஊட்ட மட்டங்களின் வழியே ஆற்றலைப் பின்தொடரும் முறையை ரேமண்ட் லின்டெமன் மினசோட்டாவின் சிறிய ஏரியொன்றை ஆராய்ந்து வகுத்தார். 1942இல் அக்கட்டுரை வெளிவரும் முன்பே அவர் இறந்துவிட்டார். ஆனால் ஆற்றலையும் எடையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீரில் ஒரு கணத்தில் எடைபோட்டால் பாசியைவிட அதைத் தின்னும் நுண்விலங்குகள் அதிகமாக இருக்கக்கூடும். பாசி தின்னப்படும் வேகத்துக்கு ஈடாகப் பெருகுவதால் கணக்கு இடிப்பதில்லை.

ஆற்றல் ஒருவழியாக ஓடி மறைகிறது. பொருள் சுற்றி வருகிறது. இதைப் பார்க்கப் பாஸ்பரஸைப் பின்தொடருங்கள். வரத்து நீரில் வந்த பாஸ்பரஸைப் பாசி உறிஞ்சும், நீர்த்தெள்ளு பாசியைத் தின்னும், அது இறந்து அடியில் படியும், பாக்டீரியாக்கள் சிதைத்து மீண்டும் நீரில் விடும். இந்த ஒன்று மிகுந்தால் என்னாகும் என்பதற்குக் கனடாவில் ஒரு தெளிவான சான்று உண்டு. ஒன்டாரியோவில் 226 என்ற எண்ணால் அழைக்கப்படும் ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளிலும் கார்பனையும் நைட்ரஜனையும் சேர்த்து, ஒன்றில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தது. பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் நீலப்பச்சைப் பாசியால் பச்சையானது. உங்கள் குளம் திடீரென்று பச்சையானால், நீருக்குள் காரணம் தேடும் முன் வரத்து வழியில் நடந்து பாருங்கள்: உரமிட்ட நிலமோ சாக்கடையோ அங்கே இருக்கக்கூடும். பாசி மடிந்து மட்கும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதப்பது இதன் அடுத்த கட்டம்.

வலையைப் புரிந்துகொண்டீர்களா என்று சோதிக்க, மனத்துக்குள் ஓர் உயிரினத்தை நீக்கிப் பாருங்கள். ராபர்ட் பெய்ன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் 1963இல் தொடங்கி ஒரு வகை நட்சத்திர மீனை மெய்யாகவே அகற்றிவந்தார். அது தின்றுவந்த சிப்பிகள் பரவி இடத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் கணக்கிட்ட 15 இனங்கள் 8 ஆகச் சுருங்கின. இத்தகைய உயிரினத்துக்கு அவர் 'கீஸ்டோன்' (கல்வளைவின் உச்சியில் அதைத் தாங்கி நிற்கும் கல்) இனம் என்று பெயரிட்டார். தமிழில் அச்சாணி இனம் என்றால் பொருள் இன்னும் இறுக்கமாக அமையும் என்பது என் கருத்து.

உங்கள் குளத்தில் நீர்த்தெள்ளைத் தின்னும் சிறு மீன்களை நீக்குவதாக வைத்துக்கொண்டு, நீர் தெளியுமா பச்சையாகுமா என்பதைக் காரணத்தோடு எழுதுங்கள். பின்னர் மீனே இல்லாத இன்னொரு குளத்தில் செக்கித் தட்டை இறக்கி, அது மறையும் ஆழத்தை முதல் குளத்தின் அளவுக்கு அருகில் குறியுங்கள். நீங்கள் எழுதியதற்கு மாறாக விடை வந்தால், வரத்து நீரில்தான் வேறுபாடா என்று முதலில் பாருங்கள்.