எழுதி முடிச்ச சிறுகதையை பத்திரிகைக்கு அனுப்புறது எப்படி? (முதல்தடவை அனுப்புறவங்களுக்கு)

கதை எழுதச் சொல்லித்தர நிறைய பேர் இருக்காங்க, எழுதினதை ஒரு எடிட்டர் கையில ஒழுங்கா சேர்க்கிறது எப்படின்னு சொல்றவங்க கம்மி. அதனால கதை ரெடியா இருக்குன்னே வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

1. வாய்விட்டு வாசிங்க

ஒரு வாரமாவது கதையைத் தொடாம வைங்க, அப்புறம் எடுத்து சத்தமா வாசிங்க. நாக்கு தடுக்குற இடத்துல எல்லாம் ஒரு கோடு போடுங்க. வட்டார வழக்குல பேசுற பாத்திரம் கடைசி வரைக்கும் அப்படியேதான் பேசணும், நடுவுல "நான் சென்று வருகிறேன்"னு மாறிடக்கூடாது. முதல் பத்தியை மறைச்சுட்டு ரெண்டாவதுல இருந்து படிச்சுப் பாருங்க, கதை புரிஞ்சா முதல் பத்தியை தயங்காம வெட்டுங்க.

2. ஃபைலை சரி பண்ணுங்க

எனக்கு ரொம்ப நேரம் பிடிச்சது இந்த இடம்தான், அதனால நிதானமா சொல்றேன். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சா உள்ள சேவ் ஆகுறது ஆங்கில எழுத்து, ஃபான்ட்தான் அதுக்கு தமிழ் உருவம் குடுக்குது. அந்த ஃபான்ட் இல்லாத எடிட்டர் திறந்தா வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும், ஒரு வரிகூட படிக்க முடியாது. அதனால யூனிகோட் கட்டாயம், அதுலதான் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாவே சேவ் ஆகும்.

பழைய கதையை கன்வர்ட்டர்ல போட்டு மாத்தலாம், ஆனா வந்ததை அப்படியே அனுப்பாதீங்க. நடுவுல நிஜமாவே ஆங்கிலத்துல எழுதின வார்த்தை இருந்தா அதையும் சேர்த்து தமிழ் எழுத்தா குழப்பி வச்சிருக்கும், மேற்கோள்குறியும் சில சமயம் மாறிடும்.

இன்னொன்னு, 'கௌ'. யூனிகோட்ல ஔகாரக் குறி ஒரே குறி, ஆனா சிலர் கெ அடிச்சு பக்கத்துல ள போடுறாங்க, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். கௌரிங்கிற பாத்திரத்துக்கு பேரை மாத்தலாம்னு ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டா பாதி இடத்துல பழைய கௌரியே நிப்பா. ஔ எழுத்துக்குப் பதிலா ஒ, ள அடிச்சாலும் இதே கதைதான்.

பிடிஎஃப் வேண்டாம், வேர்ட் ஃபைலா அனுப்புங்க. பிடிஎஃப்ல இருந்து தமிழை காப்பி பண்ணினா கொம்பும் காலும் இடம் மாறுறது ரொம்ப சகஜம். அடிக்கிறதுக்கு நான் கூகுள் டாக்ஸ்தான் சொல்லுவேன், பழைய வெர்ஷன்களும் அதுல இருக்கும், அனுப்பும்போது வேர்ட் ஃபைலா டவுன்லோட் பண்ணிக்கலாம். ஃபான்ட் நோட்டோ செரிஃப் தமிழ், 12 பாயின்ட், வரி இடைவெளி 1.5. முடிச்சதும் உங்களுக்கே மெயில் பண்ணி போன்ல திறந்து பாருங்க, அங்க சரியா தெரிஞ்சா பெரும்பாலும் எங்கயும் தெரியும்.

3. மெயில்

சப்ஜெக்ட்ல சிறுகதை, தலைப்பு, உங்க பேர். உள்ள நாலே வரி போதும், கதையை விளக்கவே விளக்காதீங்க. வேற எங்கயும் வெளிவராததுன்னு எழுதுங்க, ஃபேஸ்புக்ல போட்டதையும் வெளியானதாத்தான் நிறைய இதழ்கள் எடுத்துக்கும். பேரையும் போன் நம்பரையும் ஃபைலுக்குள்ளயும் போடுங்க, டவுன்லோட் பண்ணினதும் மெயில் வேற ஃபைல் வேறன்னு பிரிஞ்சிடும்.

அப்புறம் சேர்த்தது

பதிலே வரலைன்னா என்ன பண்றதுன்னு சில பேர் கேட்டாங்க. இதழ் சொன்ன காலக்கெடு வரைக்கும் காத்திருங்க, எதுவும் சொல்லலைன்னா மூணு மாசம். ஒருதடவை மரியாதையா விசாரிங்க, அப்பவும் பதில் இல்லைன்னா கதையை திரும்ப எடுத்துக்கிறேன்னு மெயில் போட்டுட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்க. அந்த மெயில் போடாம ரெண்டு இடத்துக்கு அனுப்பி, ரெண்டுலயும் வந்துட்டா ரெண்டு எடிட்டரோட நம்பிக்கையும் போயிடும்.

தொகுப்பு போடுறவங்களுக்கு: ஒப்பந்தத்துல அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமை தனித்தனியா எழுதியிருக்கா, எத்தனை வருஷத்துக்குன்னு இருக்கா பாருங்க. "அனைத்து உரிமைகளும்"னு ஒரே வரியில இருந்தா, கையெழுத்துக்கு முன்னாடியே பிரிச்சு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க.