முன் சொக் ஒயில்: போத்தலைப் பாதியாகப் பிரிக்காதீர்கள்

போன கிழமை எங்கள் கராஜில் வேலை பழகும் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன் சொக்குக்கு, அதாவது முன் சில்லின் இரு பக்கமும் நின்று அதிர்ச்சியை வாங்கும் இரண்டு கால்களுக்கு, ஒயில் மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு காலுக்கும் விட்டாயிற்று. போத்தலின் அடியில் கொஞ்சம் மிச்சம். "ஏன் அண்ணை வீணாக்குவான்" என்று அதையும் காலுக்குப் பாதியாக உள்ளே சரித்துவிட்டார். மூடி பூட்ட முதல் கையைப் பிடித்துவிட்டேன். 2011இல் வவுனியாவில் வேலை பழகியபோது நானும் அப்படியே செய்தவன்.

வொஷரைத் தவறவிடுவது, ஆணியை இறுக்க மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு வண்டி செய்தால் அவை தானாகப் பிடிபட்டுவிடும். சொக் வேலையில் பெடியள் விடுகிற மற்றப் பிழைகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மேல் மூடிக்கு நேரே முகத்தை வைப்பது

உள்ளே ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது; மூடி கழன்றதும் தெறிக்கும். கண் போய்விடும்.

போத்தல் கணக்கில் ஒயில் விடுவது

வவுனியாவில் வேலை பழகிய அந்தக் காலத்தில் என்னிடம் வந்தது, நெடுங்கேணிப் பக்கம் பால் எடுக்கும் ஐயா ஒருவரின் டிஸ்க் பிறேக் வண்டி. வாங்கிய போத்தல் 350 மி.லீ. ஒரு காலுக்கு 175 என்று பிரித்து ஊற்றினேன். அந்த வண்டிக்கு வேண்டியது 150. அதோடு நான் சொக்கைப் பிரித்துக் கழுவவும் இல்லை; தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட்டதுதான். அப்படி வடியவிட்டால் பழைய ஒயில் பத்துப் பதினைந்து மி.லீ. உள்ளேயே தங்கிவிடும். ஆக, ஒரு காலில் 40 மி.லீ. கூடிப்போயிற்று. மூன்று மேசைக்கரண்டிகூட வராது. அதனால் என்ன என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் ஒயிலுக்கு மேலே விடுகிற காற்றிடமும் ஒரு ஸ்பிரிங் மாதிரித்தான் வேலை செய்கிறது. வெளிவிட்டம் 30 மி.மீ. உள்ள சொக் குழாயின் உள்விட்டம் 26 மி.மீ. என்று வையுங்கள். அதில் 10 மி.லீ. கூடினால் ஒயில் மட்டம் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர் ஏறும். 40 மி.லீ. கூடினால் ஏழரை சென்ரிமீற்றர். சொக் முழுதாக அமுங்கிய நிலையில் 15 சென்ரிமீற்றர் இருக்கவேண்டிய காற்றிடம் பாதியாகிவிடுகிறது. சொக் அமுங்கும் தூரம் 12 சென்ரிமீற்றர் என்றால், சில்லு பள்ளத்தில் இறங்கி அடிக்கும்போது, சொக் நிமிர்ந்து நிற்கையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு அளவில் நிற்கவேண்டிய காற்றமுக்கம் மூன்று மடங்கைத் தாண்டும். ஸ்பிரிங்கும் உள்ளே இடம் பிடிப்பதால் உண்மையில் இன்னும் கூடும். அந்த அமுக்கம் முழுவதையும் தாங்குவது குழாயைச் சுற்றி ஒயிலை மறித்து நிற்கும், விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு றப்பர் சீல்.

மூன்றாம் நாள் ஐயா வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். முழங்கை உரஞ்சியிருந்தது, பால் கான் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. "தம்பி, பிறேக் பிடிக்கேல்லை. மதகடியில விழுந்திட்டன்." குனிந்து பார்த்தேன். ஒரு காலில் சீலின் உதடு வெளியே பிதுங்கி நின்றது. அங்கிருந்து புழுதி படிந்த கறுப்புக் கோடு ஒன்று கீழே இறங்கி பிறேக் பாட் வரைக்கும் போயிருந்தது. பாட்டைக் கழற்றினால் கையெல்லாம் ஒயில். ஒயில் குடித்த பாட்டைத் துடைத்துப் பாவிக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். சீலுக்கும் பாட்டுக்கும் நான் காசு கொடுத்தேன். விழுந்த மனிசனுக்கு எதைக் கொடுப்பது?

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது, "ஒயில் கூட விட்டா சொக் உறுதியா நிக்கும்" என்று பெடியளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களைக் கண்டால்தான். உறுதியாக நிற்பது உண்மை. ஏ9 வீதித் தாரில் ஓட்டிப் பார்த்தால் நல்லாய்த்தான் இருக்கும். மாங்குளத்திலோ மல்லாவியிலோ ஒரு கிறவல் ஒழுங்கைக்குள் இறங்கும்போதுதான் சீல் வெடிக்கும்.

வண்டியின் சேர்விஸ் புத்தகத்தில் மி.லீ. கணக்கோடு மட்டக் கணக்கும் இருந்தால் மட்டத்தையே நம்புங்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஒயிலை விட்டு, குழாயை மெதுவாகப் பத்துப் பதினைந்து தரம் மேலும் கீழும் அசையுங்கள். குமிழி அடங்கப் பத்து நிமிசம் விடுங்கள். பிறகு குழாயை முழுதாக அமுக்கி நேராக நிறுத்தி, விளிம்பிலிருந்து ஒயில் வரை அளவுங்கள். என்னிடம் மருந்துக்கடைச் சிறிஞ்ச் ஒன்றும் சேலைன் ரியூப் துண்டு ஒன்றும் இருக்கின்றன. புத்தகம் சொல்லும் ஆழத்தில் ரியூப்பில் அடையாளம் வைத்து, அந்த அடையாளம் குழாயின் விளிம்பில் நிற்க உள்ளே இறக்கி, காற்று வரும்வரை உறிஞ்சினால் மட்டம் சரியாக நிற்கும். இரண்டு காலும் ஒரே அளவு. மிச்சம் போத்தலிலேயே இருக்கட்டும்.

என்ஜின் ஒயில் விடுவது

யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்து, மண்ணெண்ணெயில் வண்டி ஓடிய காலத்தில் கையில் கிடைத்ததை விட்டார்கள். அன்று வேறு வழி இல்லை. இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சொக் ஒயில் கடையில் வாங்கலாம். சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் 10டபிள்யூ என்ற தடிப்பில் உள்ளது. என்ஜின் ஒயில் அதைவிடத் தடிப்பு. உள்ளே இருக்கும் சின்னத் துளைகளால் அது இறங்கி ஏற நேரம் எடுக்கும். வரிவரியாகக் கிடக்கும் கிறவலில் அடுத்த மேடு வருமுன் சொக் நிமிராது. அமுங்கியபடியே போய்க் கடைசியில் கட்டைபோல் அடிக்கும்.

பழைய ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றுவது

வேண்டவே வேண்டாம்.

கசிந்ததும் புதுச் சீல் போடுவது

முதலில் தூசி மறைப்பை நெம்பிப் பாருங்கள். வயல் சேறு காய்ந்து சீலின் உதட்டுக்குள் ஒரு மணல் பருக்கை இருந்தாலே ஒயில் கசியும். பழைய எக்ஸ்ரே பிலிமில் விரல் அகலத் துண்டு வெட்டி, நுனியைக் கொக்கிபோல் ஆக்கி, உதட்டுக்குக் கீழே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் மணல் வந்துவிடும். பல வண்டிகளில் கசிவு அதோடு நின்றிருக்கிறது.

நிற்காவிட்டால், சீல் வாங்கப் போகுமுன் குழாயில் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். துருக்குழியில் நகம் தட்டுப்பட்டால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தக் குழி அதை அறுக்கும். அப்போது மாற்றவேண்டியது குழாயை.