ஆற்றை வலது இடதாக மாற்றாதீர்கள்

பிரேசிலின் அமேசானாஸ் மாநிலத்தில், மைசி ஆற்றங்கரையில் பிரஹா மக்கள் வாழ்கிறார்கள். மொத்தமே சில நூறு பேர். வழி சொல்லும்போது அவர்கள் வலது, இடது என்று சொல்வதில்லை. நீரோட்டத்தின் மேல்பக்கம், கீழ்பக்கம், ஆற்றுப்பக்கம், காட்டுப்பக்கம் என்பதுதான் கணக்கு.

இதைத் தமிழில் எழுதும்போது பலர் செய்யும் முதல் தவறு, 'மேல்பக்கம்' என்பதை 'வலது' என்று மாற்றிவிடுவது. வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நீங்கள் திரும்பி நின்றால் உங்கள் வலது மறுபக்கம் போய்விடும். ஆற்றின் மேல்பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். நிற்கிறவரின் உடம்பைச் சாராமல் இடத்தைச் சொல்வதுதான் இந்த முறையின் உயிர். மாற்றினால் அதுவே போய்விடுகிறது.

சரி, 'வடக்கு' என்று போடலாமா? அதுவும் கூடாது. ஆறு வளைந்து ஓடுகிறது. ஒரு வளைவில் மேல்பக்கம் வடக்காக இருந்தால் அடுத்த வளைவில் கிழக்காக இருக்கலாம்.

நமக்கு இங்கே சறுக்கல் அதிகம். 'கொஞ்சம் கெழக்கால நகர்ந்து உட்காரு' என்று நம் ஊர்களிலும் சொல்கிறோமே! மேல், கீழ் என்ற சொற்களிலிருந்துதான் மேற்கு, கிழக்கு வந்தன; நம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருப்பதுதான் காரணம் என்பார்கள். ஆனாலும் நம் கிழக்கு இன்று எந்த ஊருக்குப் போனாலும் கிழக்குதான். பிரஹாவின் மேல்பக்கத்துக்கு ஒரு ஆறு வேண்டும்.

வலது இடது சொல்லாதவர்களுக்கு அந்த வேறுபாடே புரியாது என்று முடிவு கட்டுவது அடுத்த அபத்தம். ஒரு சொல்லைப் பயன்படுத்தாததும் ஒன்றை உணராததும் வேறு வேறு. 'அமேசான் மொழிகளில் இப்படித்தான்' என்று பொதுவாக எழுதுவதும் தவறு. அங்கே நூற்றுக்கணக்கான மொழிகள் இருக்கின்றன, எந்த மொழி என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

அப்புறம், மூடிய அறைக்குள் மேசைமேல் பொம்மைகளை வைத்து 'இது எங்கே இருக்கிறது?' என்று மட்டும் கேட்டுவிட்டு, இப்படி இடம் சொல்லும் மொழியைப் புரிந்துகொண்டதாக ஆய்வாளர்கள் நினைப்பதும் தவறு. அந்த அறையிலிருந்து ஆறு எந்தப் பக்கம் என்பதையும் குறித்து வைக்காவிட்டால், கிடைத்த பதில் எதற்கும் உதவாது. 1970களின் இறுதியிலிருந்து அவர்களோடு பழகிய மொழியியலாளர் டேனியல் எவரெட், பிரஹா ஆட்களை நகரத்துக்கு அழைத்துப்போனபோது அவர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று, 'ஆறு எங்கே?' பக்கம் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள்; குளிப்பதற்காக என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.