சொத்து வரி பில்லுக்குள் சாக்கடைக் கட்டணம்

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிய புதிதில் கழிவுநீருக்கென்று பில்லே வரவில்லை. இலவசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்! அக்டோபரில் சொத்து வரி பில்லைப் பிரித்தால், அதற்குள் வருடம் முழுமைக்குமான கட்டணம் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் இரண்டு குடியிருப்புகளுக்கு. எங்களுடையதோ ஒற்றை வீடு.

கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வரி அலுவலகத்துக்கு போன் செய்தது வீண். அவர்கள் வசூலித்துக் கொடுப்பவர்கள் மட்டுமே. தொகையை முடிவு செய்வது உள்ளூர்க் கழிவுநீர் வாரியம். அதன் போன் எண் பில்லில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

சண்டை போட்டுக்கொண்டு பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. முதல் தவணை டிசம்பர் 10-ஐத் தாண்டினால் 10 சதவீதம் அபராதம். சரி என்று முழுதாகக் கட்டிவிட்டு, அப்புறம் வாரியத்துக்கு எழுதினேன். எத்தனை குடியிருப்பு என்று தெரிந்துகொள்ள ஓர் ஆள் வந்து சமையலறைகளை எண்ணிப் பார்த்தார். ஒன்றுதான்! கூடுதல் தொகைக்குச் செக் வந்தது.