சீட்டா வளக்கணும்னு ஆசையா? எல்லாரும் பண்ற தப்புங்க இதுதான்

கார் முன்சீட்ல கழுத்துப்பட்டி போட்டு ஒரு சீட்டா, அதாவது சிவிங்கிப்புலி, அமைதியா உக்காந்திருக்கும், துபாய் வீடியோன்னு சொல்லி கடலூர்ல வாட்ஸ்அப் குரூப் குரூப்பா சுத்துது, கீழ நம்ம பசங்க "மச்சி, குட்டி எவ்ளோ வரும்"னு சீரியஸாவே கேக்குறாங்க. அந்த துபாய்லயே 2017ல இருந்து வீட்ல வளக்கத் தடை, அத யாரும் சொல்றதில்ல.

முதல் தப்பு, அமைதியா இருந்தா பழகிடுச்சுன்னு நினைக்கிறது. சீட்டாவுக்கு கர்ஜிக்க வராது, பூனை மாதிரி குர்ர்னு சொல்லும், குட்டிய கூப்புட குருவி மாதிரி கீச்சுன்னு கத்தும், அதக் கேட்டு நம்மாளுங்க உருகிடுறாங்க. ஆனா அது ரொம்ப பயந்த சுபாவம். சிங்கமோ கழுதைப்புலியோ வந்தா தான் வேட்டையாடுனதையே விட்டுட்டு ஓடிடும். அமெரிக்காவுல சில ஜூல அதோட பதட்டம் குறையணும்னே கூட ஒரு நாய வளக்குறாங்க. கார்ல அசையாம உக்காந்திருக்குறது பாசமா பயமான்னு வீடியோ பாத்து எப்படி சொல்வீங்க?

அடுத்தது "நகம் மழுங்கல்தானே, ஒண்ணும் பண்ணாது"ங்கிறது. நகம் முழுசா உள்ள போகாது, ஓடி ஓடி மழுங்கும், அது உண்மைதான், ஆனா முன்னங்கால் உள்பக்கம் கொஞ்சம் மேல தனியா ஒரு நகம் இருக்கு பாருங்க, அது தரையில படாது, கொக்கி மாதிரி கூரா இருக்கும், ஓடுற மான அதுலதான் இழுத்துத் தள்ளி, தொண்டைய கவ்வி மூச்சு நிக்கிற வரைக்கும் விடாது. எதிர்ல ஏதாவது ஓடுனா துரத்தணும்ங்கிறது அதோட ரத்தத்துல இருக்கு. சில்வர் பீச்ல பசங்க ஓடிப்பிடிச்சு விளையாடுற மாதிரி வீட்லயும் ஓடுவாங்கல்ல, யோசிச்சுப் பாருங்க.

சாப்பாடு விஷயத்துல, எலும்பில்லாத சிக்கன் மட்டும் போட்டா கால்சியம் இல்லாம குட்டிக்கு கால் எலும்பே வளைஞ்சுடும்.

மாடி இருக்கு, தோப்பு இருக்குன்னு சொல்றவங்களுக்கு: நமீபியாவுல ஒரு சீட்டா சுத்துற இடம் சராசரியா 1500 சதுர கிலோமீட்டருக்கு மேல, நம்ம பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலையும் சேத்தாக்கூட 500 வராது.

ஜோடியா வாங்கி குட்டி போட வெக்கலாம்னு ஒரு கணக்கு வேற. அக்பர் காலத்துல அரண்மனையில நூத்துக்கணக்குல வெச்சிருந்தாங்க, குட்டி போட்டது ஜஹாங்கீர் காலத்துல ஒரே ஒரு தடவைதான், அத அவரே அதிசயம்னு எழுதி வெச்சிருக்காரு.

அப்ப விக்கிற குட்டியெல்லாம் எங்கிருந்து வருது? பெரும்பாலும் எத்தியோப்பியா, சோமாலியா பக்கம் தாய்கிட்ட இருந்து பிரிச்சு, படகுல ஏமன் வழியா கடத்துறது, வழியிலயே நிறைய செத்துடும். "எவ்ளோ வரும்"னு கேக்குற ஒவ்வொரு ஆளும்தான் அந்த வியாபாரத்த ஓட்டுறது, எனக்கு வயிறு எரியுது.

நம்ம நாட்டு வனவிலங்கு சட்டத்துல சீட்டா முதல் அட்டவணையில, அதாவது அதிக பாதுகாப்பு குடுக்குற பட்டியல்ல இருக்கு, மாட்டுனா 3ல இருந்து 7 வருஷம் ஜெயில், அபராதம் குறைஞ்சது 25,000. யாராவது குட்டி இருக்கு அட்வான்ஸ் போடுங்கன்னா, காசு அனுப்பாம மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வனத்துறை ஆபீஸ்ல குடுத்துடுங்க.