சூப்பர்சார்ஜர் மாட்டும்போது நடக்கும் தவறுகள்: லேத்தில் கடைந்தால் மட்டும் போதாது

கோயம்புத்தூரில் பிராக்கெட், ஐட்லர், புல்லி எது கேட்டாலும் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சாயங்காலத்துக்குள் கைக்கு வந்துவிடும். கம்பெனியில் வந்தபடியே இருக்கும் (ஸ்டாக்) ஸ்போர்ட்ஸ் காருக்கு சூப்பர்சார்ஜர் (இன்ஜின் பெல்ட்டில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) மாட்டுபவர்களின் முதல் தவறு இந்தத் தைரியத்தில்தான் தொடங்குகிறது.

"புல்லிய இன்னொரு அஞ்சு மில்லி குறைச்சுக் கடைஞ்சு குடுங்க, பூஸ்ட் ஏறட்டும்." பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், ஏறும்தான். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் உள்ள கிராங்க் புல்லி 150 மி.மீ., சார்ஜர் புல்லி 75 மி.மீ. என்றால் இன்ஜின் 7,000 சுற்றில் ஓடும்போது சார்ஜர் 14,000 சுற்றில் ஓடும். புல்லியை 70 ஆக்கினால் அது 15,000. தயாரிப்பாளர் கொடுத்த உச்ச வரம்பைத் தாண்டினால் ரூட்ஸ் வகையில் (இரண்டு சுழலிகள் காற்றைத் தள்ளும் சார்ஜர்) காற்றைவிடச் சூடுதான் அதிகம் வரும், பேரிங்கும் போகும்.

அதைவிட மோசம், கிராங்க் புல்லியையே கழற்றிவிட்டு கெட்டி அலுமினியத்தில் கடைந்து போடுவது. பல இன்ஜின்களில் அது வெறும் புல்லி இல்லை. நடுவில் ரப்பர் வளையம் வைத்த டேம்பர் அது. கிராங்க் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வை அந்த ரப்பர்தான் வாங்கிக்கொள்கிறது. அது போனால் ஆயில் பம்ப் கியர் நொறுங்கும், சில நேரம் கிராங்கே விரிசல் விடும். லேத்தில் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் இந்த வேலையை அலுமினியம் செய்யாது.

இரண்டாவது இடம் பெட்ரோல். இங்கேதான் பிஸ்டன்கள் சாகின்றன. கடல் மட்டத்தில் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு என்ற அழுத்த அளவு) பூஸ்ட் என்றால் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். 160 குதிரைத்திறன் தரும் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு ஒரு இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) நிமிடத்துக்கு 260 சி.சி. கொடுத்தால் போதும். 230 குதிரைத்திறன் வேண்டுமென்றால் சுமார் 450 சி.சி. தேவை, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை 80 சதவீதத்துக்குள் வைத்து. பம்ப் மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மறந்துவிடுகிறார்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலில் அழுத்தம் 3 பார் என நிலையாக நின்று, மேனிபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) அரை பார், அதாவது சுமார் 7 பி.எஸ்.ஐ., பூஸ்ட் ஏறினால், இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.5 பார்தான். அதிகம் வேண்டிய நேரத்தில் பெட்ரோல் 9 சதவீதம் குறைகிறது. ரெகுலேட்டருக்கு மேனிபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் கொடுங்கள். மேனிபோல்டு அழுத்தத்தை அளக்கும் ஸ்டாக் மேப் சென்சார் பெரும்பாலும் 1 பாருக்கு மேல் படிக்காது. 2.5 பார் சென்சார் போடாமல் டியூன் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான்.

முழு த்ராட்டிலில் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1 என்றால் சரியான கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) 0.80-ஐ ஒட்டி இருக்கட்டும். ஏர்-ஃப்யூயல் எண்ணைப் பார்க்காமல் லாம்டாவையே பாருங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குச் சரியான கலவை 13.5-ஐ ஒட்டி வரும், பழைய 14.7 கணக்கு ஏமாற்றும்.

வெயில் சேதி தனி. ஈரோட்டு ஏப்ரலில் 38 டிகிரி காற்றை 60 சதவீதத் திறனுள்ள சார்ஜர் 7 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தினால் வெளியே வருவது சுமார் 100 டிகிரி. தண்ணீர் கொதிக்கும் சூடு அது! அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் இதை உள்ளே அனுப்பினால் நாக்கிங் (கலவை தானாக வெடிப்பது) நிச்சயம், எக்ஸாஸ்ட் சத்தத்தில் அது காதில் விழாது. ரிங்குகளுக்கு நடுவே பிஸ்டன் விளிம்பு உடைந்த பிறகுதான் நீலப் புகை சொல்லும். தொடக்கத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி என டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக இருக்கட்டும் (என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி). பிளக் முனைகளின் இடைவெளி (கேப்) 1.1-லிருந்து 0.7 அல்லது 0.8 மி.மீ.க்கு. கம்ப்ரஷன் விகிதம் 11:1-க்கு மேல் உள்ள இன்ஜினில் 7 பி.எஸ்.ஐ. ஆசை வேண்டாம்.

இதெல்லாம் நல்ல இன்ஜினுக்கு. முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) எடுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பணத்தை முதலில் இன்ஜினுக்குச் செலவழியுங்கள்.

கிராங்க்கேஸ் வாயுவை மேனிபோல்டுக்கு விடும் பிசிவி வால்வு பூஸ்ட்டில் பின்பக்கமாகக் கசிந்தால் கிராங்க்கேஸ் ஊதி சீல்களில் ஆயில் வடியும், ஒருவழி வால்வு போடுங்கள். ரோட்ரெக்ஸ் சார்ஜருக்கு (கியர் பல்லுக்குப் பதில் உருளைகளின் பிடிப்பில் சுழலும் வகை) அதன் சொந்த ஆயில்தான், இன்ஜின் ஆயில் ஊற்றினால் உள்ளே வழுக்கிக் கெடும்.

ஊட்டிக்கு ஏறியதும் பூஸ்ட் கேஜில் 6.3 பி.எஸ்.ஐ. காட்டியது 5 ஆகிவிட்டது என்று பதறி, பெல்ட் வழுக்குகிறது எனப் புல்லியைச் சிறிதாக்குபவர்கள் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிது, சார்ஜரின் அழுத்த விகிதம் மாறவில்லை. அங்கே சரிக்கட்டிய புல்லியோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் பூஸ்ட் மிஞ்சிப் போகும். உண்மையில் பெல்ட் வழுக்கினால் கறுப்புத் தூள் படியும், கீச்சொலி கேட்கும். அப்போது பெல்ட் வரிசை 1 மி.மீ. விலகியிருக்கிறதா, சார்ஜர் புல்லியைப் பாதிக்கு மேல் பெல்ட் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ரோட்டில் ஓட்டுவது வேறு கதை. பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, அங்கே ஓட்டுங்கள். முதல் சுற்றின் லாகை (சென்சார் பதிவை) நம்பாதீர்கள். நான்காவது சுற்றில் உள்வரும் காற்றின் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறதா, லாம்டா 0.85-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் காலை எடுத்துவிட்டு பிட்டுக்கு வந்துவிடுங்கள்.