குவாங்சோவில் பரிசுப் பொருள் வாங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

சீனா போய்வந்தவர் யார் வீட்டுக்குப் போனாலும் பிரிட்ஜ் கதவில் ஒரு பாண்டா ஒட்டியிருக்கும். நானும் முதல் பயணத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில், விமான நிலையத்தில் அவசர அவசரமாக ஏழு பாண்டா காந்தங்கள் வாங்கினேன். அப்புறம்தான் உறைத்தது. பாண்டாவின் சொந்த ஊர் சிச்சுவான். நான் போனது குவாங்சோ. நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மதுரைக்குப் போய்விட்டு காஷ்மீர் சால்வையோடு திரும்பிய கதைதான்.

இத்தனைக்கும் குவாங்சோ விற்றே வளர்ந்த ஊர். 1757 முதல் 1842 வரை மேற்கத்திய வணிகக் கப்பல்களுக்குச் சீனாவில் திறந்திருந்த ஒரே துறைமுகம் இதுதான். கான்டன் என்று மேற்கத்தியர்கள் சொன்னது இந்த ஊரைத்தான். இந்த ஊருக்கென்றே உள்ள சாமான்கள் நிறைய. எதை, எங்கே, எந்த வரிசையில் வாங்குவது என்று தெரிந்தால் மூன்று நாள் தாராளமாகப் போதும்.

படி 1: ஊரிலேயே பெயர்ப் பட்டியல்

கிளம்பும் முன் யார் யாருக்கு வாங்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். சாமானின் பெயரை எழுத வேண்டாம், அது அங்கே போய்த்தான் தெரியும். பெயருக்கு எதிரே ஒரு தொகையும், "பால் டீ குடிப்பவர்", "சைவம்", "எட்டு வயது" என்பதுபோல் ஒரு குறிப்பும் போதும். ஒரு யுவான் ஏறக்குறைய 12, 13 ரூபாய். கடையில் நின்று பெருக்கிக்கொண்டிருந்தால் தலை சுற்றும். பட்டியலிலேயே யுவானில் போட்டுவிடுங்கள்.

தேதி உங்கள் கையில் இருந்தால் இரண்டு சமயங்களைத் தவிர்க்கலாம். ஒன்று, 1957-இலிருந்து ஆண்டுக்கு இருமுறை நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சி. ஏப்ரல் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் ஓட்டல் அறை வாடகை எகிறிவிடும். இன்னொன்று சீனப் புத்தாண்டு. மொத்தவிலைச் சந்தைகள் வாரக்கணக்கில் பூட்டிக்கிடக்கும்.

படி 2: போனைத் தயார்செய்வது

போனிலேயே பணம் கட்டும் அலிபே செயலியை இங்கேயே இறக்கி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, வெளிநாட்டில் பயன்படுத்த அனுமதி உள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை இணைத்துவிடுங்கள். தெருவோரக் கரும்புச்சாறு வண்டியில்கூட கியூஆர் குறியீடுதான். ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். யூபிஐ-யை நம்பிப் போகாதீர்கள். கையில் ஒரு 300 யுவான் ரொக்கம் இருக்கட்டும்.

ஓட்டல் வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. நம் நாட்டு சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் திறக்கும். அப்படியும் மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கேமராவைக் காட்டினால் லேபிளைப் படித்துச் சொல்லும் வசதி, படி 6-இல் பலருக்குக் கட்டாயம் தேவைப்படும்.

படி 3: முதல் நாள் எதுவும் வாங்காதீர்கள்

முதல் நாள் காலை மெட்ரோ 1-ஆம் தடத்தில் சென் குல மண்டபத்துக்குப் போங்கள். நிலையத்தின் பெயரே அதுதான். குவாங்சோ இருக்கும் குவாங்டொங் மாகாணத்தின் சென் குலத்தார் பணம் திரட்டி 1894-இல் கட்டி முடித்த மண்டபம். இப்போது நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம். கூரை முகட்டில் வரிசையாகச் சுதைப் பொம்மைகள் நிற்பதைப் பார்த்தால் நம் கோபுரங்கள் நினைவுக்கு வரும்.

அங்கே பார்க்க வேண்டியவை கான்டன் பூவேலையும் குவாங்சாய் பீங்கானும். கான்டன் பூவேலையில் தங்க நூல் அதிகம், பறவைகள் அதிகம். ஒரு காலத்தில் இந்த ஊரில் இதைப் பெரும்பாலும் ஆண்கள்தான் தைத்தார்களாம். நம் ஊர் ஆரி வேலைக்காரர்கள் ஞாபகம் வந்தது எனக்கு. குவாங்சாய் என்றால், வெள்ளைப் பீங்கானை ஜிங்தேஜென் ஊரிலிருந்து வரவழைத்து, இங்கே வண்ணமும் பொன்னும் தீட்டிச் சுட்டது. இண்டு இடுக்கு விடாமல் பூவும் ஆளும் நிறைந்திருக்கும். ஐரோப்பாவுக்கென்றே செய்த சரக்கு என்பதால் அப்படி ஒரு ஆடம்பரம். கையால் தீட்டியதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டால், தெருக்கடையில் ஸ்டிக்கர் ஒட்டிச் சுட்ட கோப்பை சட்டென்று தெரிந்துவிடும். கோடுகள் எல்லாக் கோப்பையிலும் ஒரே மாதிரி இருக்கும், தடவினால் மேடு தட்டாது. ஒரு நாள் வாங்காமல் இருப்பது இந்தக் கண் பழக்கத்துக்காகத்தான்.

படி 4: எண்ணும் எடையும்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதுவும் கடைக்காரர் ஏமாற்றாமலேயே. சீனர்கள் பத்து வரை ஒரே கையில் காட்டுவார்கள். ஐந்து வரை நம்மைப்போல. கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டினால் ஆறு. கட்டை விரலோடு அடுத்த இரண்டு விரல் நுனியையும் குவித்தால் ஏழு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் துப்பாக்கி மாதிரி நின்றால் எட்டு. ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்தால் ஒன்பது. மூடிய கை பத்து.

அந்த எட்டில்தான் நான் விழுந்தேன். ஒரு தெருக்கடையில் மூடி போட்ட தேநீர்க் கோப்பைக்கு விலை கேட்டேன். இரண்டு விரல் நீட்டினார். இருபது என்று நினைத்து, அடடா மலிவு என்று உறையெல்லாம் போடச் சொல்லி, போனில் 20 என்று தட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுபடி அதே இரண்டு விரல். எண்பது! அதற்கு மேல் பேரம் பேச முகமில்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். ஆகவே கால்குலேட்டரை நீட்டுங்கள். அவர் ஒரு எண் போடுவார், நீங்கள் அழித்து இன்னொன்று போடுங்கள். இரு பக்கமும் சிரிப்போடு நடக்க வேண்டிய வேலை இது. "துவோ ஷாவ் ச்சியென்" என்றால் எவ்வளவு, "தாய் குய் ல" என்றால் ரொம்ப விலை. உள்ளூர் கான்டனீஸில் "பெங் தி லா", கொஞ்சம் குறையுங்கள் என்று சொன்னால் அவர் முகம் மலரும். விலைச் சீட்டு ஒட்டிய பெரிய கடைகளில் பேரம் வேண்டாம்.

அடுத்தது தள்ளுபடிப் பலகை. "8 ஜெ" என்று இருந்தால் 80 சதவீதத் தள்ளுபடி என்று துள்ளாதீர்கள். பத்தில் எட்டுப் பங்கு கட்ட வேண்டும் என்று அர்த்தம். தள்ளுபடி 20 சதவீதம்தான். எண் சிறிதாக இருந்தால்தான் நமக்கு லாபம்.

எடை "ஜின்" கணக்கில். ஒரு ஜின் 500 கிராம், ஒரு லியாங் 50 கிராம். தேயிலைக் கடையில் 300 என்றால் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு. ஆனால் விலை உயர்ந்த சரக்குக்கு லியாங் விலை சொல்பவர்களும் உண்டு. எதற்கு விலை என்று தராசைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

படி 5: ஃபாங்சுன் தேயிலைச் சந்தை

இரண்டாம் நாள் காலையை இதற்கு ஒதுக்குங்கள். மெட்ரோ 1-ஆம் தடத்தில் ஃபாங்சுன் நிலையம். இறங்கினால் தெருத்தெருவாகத் தேயிலைக் கடைகள். மொத்த வியாபாரம் என்றாலும் 100, 200 கிராம் கேட்டாலும் தரும் கடைகள் உண்டு.

உள்ளே போனதும் உட்காரச் சொல்வார்கள். முதல் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுவார்கள், அது கழுவுவதற்கு. கிண்ணத்தில் ஊற்றும்போது ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மேசையை இரண்டு முறை தட்டுங்கள். நன்றி என்று பொருள். ருசி பார்த்தால் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்கள் விலை வரம்பை முதலிலேயே காட்டிவிட்டு, மூன்று வகையோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

குவாங்டொங்கின் சொந்தத் தேயிலை என்றால் சாவோசோ பக்கத்து பீனிக்ஸ் மலையில் விளையும் தான்சொங். தேன் வாசம், பூ வாசம் என்று விதவிதமாக வரும். அதில் மிகப் பிரபலமான ஒன்றின் பெயர் "வாத்து எச்ச வாசம்". பயப்படாதீர்கள், வாசனை அருமை. பால் டீ மட்டுமே குடிக்கும் அத்தைகளுக்கு இது வீண். அவர்களுக்கு இதே மாகாணத்தின் இங்தே ஊர்க் கறுப்புத் தேயிலை வாங்குங்கள். பால் ஊற்றினாலும் தாங்கும் என்பது என் அனுபவம்.

சுற்று வட்டில் அமுக்கிய யுன்னான் மாகாணத்துப் புவர் தேயிலை, வழக்கமாக 357 கிராம், கண்ணைப் பறிக்கும். பல வருடம் வைத்துப் பழசாக்கிய புவர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது தேயிலை வியாபாரம் இல்லை, பங்குச் சந்தை.

எனக்குப் பிடித்த பரிசு வேறு. சின்ன பச்சை மாண்டரின் ஆரஞ்சின் உள்ளே குடைந்து, புவர் தேயிலையை அடைத்துக் காயவைத்தது. பெயர் சியாவ் ச்சிங் கான். எலுமிச்சை அளவு, எடை இல்லை, உடையாது. ஒரு பழத்தை அப்படியே வெந்நீரில் போட்டுப் பல முறை குடிக்கலாம். ஓட்டு வீட்டுப் பரணில் நாரத்தங்காய் காயவைத்த வாசம் வரும். ஒரு டஜன் வாங்கி ஆளுக்கு இரண்டு கொடுத்தால் பட்டியலில் பாதி தீர்ந்துவிடும். அதே கடையில் சென்பி இருக்கும், அதாவது காயவைத்துப் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோல். சின்ஹுய் ஊர்த் தோலுக்குத்தான் மவுசு. குறைந்தது மூன்று வருடம் கிடந்தால்தான் சென்பி என்ற பெயர். வயது ஏற ஏற விலை ஏறும். முப்பது வருடத் தோல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு ஐந்து வருடத் தோல் கேளுங்கள்.

படி 6: தின்பண்டம்

மாலையில் ஷாங்சியாஜியு நடைத்தெரு. மெட்ரோவில் சாங்ஷோ லு நிலையம். மாடி முன்னே நீண்டு நடைபாதைக்குக் கூரையாக நிற்கும் பழைய கட்டடங்கள் என்பதால் மழையிலும் நனையாமல் கடை கடையாகப் போகலாம். 1889-இல் தொடங்கிய லியென்சியாங் லோ இங்கேதான். தாமரை விதை விழுது வைத்த பலகாரங்களுக்குப் பெயர்போனது.

சைவர்களும் முஸ்லிம் வாசகர்களும் இதைக் கவனியுங்கள். இந்த ஊரின் புகழ்பெற்ற கோழிக்குஞ்சு பிஸ்கட்டில் கோழி கிடையாது, பன்றிக் கொழுப்பு உண்டு. மனைவி கேக் என்று விற்பதில் உள்ளே பூசணி இனிப்புதான், ஆனால் மேல் தோலில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பைப் பிசைவார்கள். பாதாம் பிஸ்கட்டின் பழைய வகையிலும் அது உண்டு. "சூ யோ" என்பதுதான் அந்தக் கொழுப்பின் பெயர். உறையின் பின்பக்கத்துப் பொருள் பட்டியலை கேமராவில் காட்டிப் படித்துவிட்டே எடுங்கள். பயமில்லாமல் வாங்கக்கூடியவை உலர்ந்த லிச்சியும் லாங்கனும்.

படி 7: மொத்தமாகச் சின்னச் சாமான்

அலுவலகத்தில் இருபது பேர், பிள்ளையின் வகுப்பில் முப்பது பேர் என்றால் யிதே லு சாலை. பொம்மை, எழுதுபொருள், அலங்காரச் சாமான். பக்கத்திலேயே ஒன்லிங்க் பிளாசா, மாடி மாடியாக அதே சரக்கு. "பீஃபா" என்றால் மொத்த விலை. ஒன்றிரண்டு கேட்டால் சில கடைகளில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், டஜனாகக் கேளுங்கள். மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். இரவில் வேண்டுமானால் பெய்ஜிங் லு நடைத்தெருவுக்குப் போகலாம். அங்கே தரையில் கண்ணாடி போட்டு, தாங் அரச வம்சக் காலத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட சாலைகளைக் காட்டுகிறார்கள். பார்க்க அருமை, வாங்க விலை அதிகம். "வாட்ச், பேக்" என்று காதில் கிசுகிசுப்பவர் பின்னால் மட்டும் போகாதீர்கள்.

படி 8: பட்டும் பச்சைக் கல்லும்

பெரிய பரிசு ஒன்றே ஒன்று என்றால் ஷியாங்யுன்ஷா பட்டு. கிழங்குச் சாற்றில் திரும்பத் திரும்பத் தோய்த்து, வெயிலில் காயவைத்து, ஷுந்தே பக்கத்து ஆற்றுச் சேற்றைப் பூசி எடுப்பது. சேறு பட்ட பக்கம் கறுப்பு, மறுபக்கம் செம்பழுப்பு. காஞ்சிபுரம் கட்டிப் பழகிய என் அத்தை, "இதுவா பட்டு, ரெக்சின் மாதிரி இருக்கு" என்றார். உடம்பில் ஒட்டாது, துவைக்கத் துவைக்க மெருகேறும் என்பது போகப்போகத்தான் அவருக்குத் தெரிந்தது. விலை கூடுதல்தான், ஒரு கழுத்துத் துணியோடு தொடங்கலாம்.

ஜேட் கல்லை ஹுவாலின் தெருவில் வேடிக்கை பாருங்கள். அமிலத்தில் ஊறப்போட்டு பிசின் ஏற்றியதும் சாயம் ஏற்றியதும் நல்லதோடு கலந்து கிடக்கும். சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம். பழம்பொருள் என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் புதுசு. ஒருவேளை 1911-க்கு முந்தைய நிஜமாக இருந்தால், நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது.

படி 9: மூட்டை கட்டுவது

பீங்கானுக்கு உள்ளே சாக்ஸைத் திணித்து, சட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். சீனாவுக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் விமானத்தில் போவதாக இருந்தால், 2025 ஜூன் 28 முதல் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் தடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் வாங்கியதில் அந்த முத்திரை இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். லைட்டர் எந்தப் பையிலும் கூடாது.

வரி திரும்பப்பெறும் பலகை வைத்த கடையில் ஒரே நாளில் 200 யுவானுக்கு மேல் வாங்கினால், பாஸ்போர்ட் காட்டி அதற்கான படிவம் கேளுங்கள். பிடித்தம் போக ஏறக்குறைய 9 சதவீதம் திரும்ப வரும். ஊர் திரும்பும் நாள் பெட்டியை விமான கவுன்டரில் போடுவதற்கு முன் சுங்க மேசைக்குப் போங்கள். அவர்கள் சாமானைப் பார்த்து முத்திரை குத்தினால்தான் உள்ளே பணம் தருவார்கள். பட்டும் கோப்பையும் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, அதைப் பூட்டாமல் கொண்டுபோங்கள்.